குடிவரலாறும் ஊர்ப்பெயரும்

(திண்டுக்கல்லில் நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுத்து ஒரு நூலாக அச்சிடுவதென்று நம் சங்கம் தீர்மானித்திருப்பதை யாவரும் அறிவீர்கள். அத்தீர்மானம் நிறைவேறிய நாள்முதல் வீடுதோறும் பரண்மேற் கிடந்த பெட்டிகள் இறக்கப்பெறுகின்றன. பாட்டன்மார் பத்திரங்களும், பாட்டிமார் சொல்லும் கதைகளும் எழுத்தேறுகின்றன. இஃது மிகவும் மகிழத்தக்க செயலேயாம். எனினும், சென்ற கூட்டத்தில் எழுந்த வினா ஒன்று முடிவு காணாமல் நின்றுவிட்டது. முன்னோர் பிறந்த ஊரையும், வாழ்ந்த ஊரையும், பெண் கொண்ட ஊரையும் எந்தப் பெயரால் எழுதுவது என்பதே அவ்வினா.

ஒரு சாரார், "படிப்பவர் இக்காலத்தவர், ஆகவே இக்காலப் பெயரையும் இக்கால மாவட்டத்தையுமே எழுதுக" என்றனர். மற்றொரு சாரார், "நம் முன்னோர் பெருமை விளங்க, தலபுராணங்களிற் கண்ட பெயரையே எழுதுக" என்றனர். இருசாராரும் நல்லெண்ணம் உடையவரே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் இவ்விரண்டனுள் ஒன்றையும் யாம் உடன்படுதற்கில்லை. ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்தில் அவ்வூர் எப்பெயரால் வழங்கிற்றோ அப்பெயரே முதற்கண் எழுதப்படல் வேண்டும். இக்காலப் பெயர் அதன் பின்னே விளக்கமாய் நிற்றல் வேண்டும் என்பது எம் கொள்கை. அதற்குரிய காரணங்களை இந்த அவையின்முன் ஒவ்வொன்றாக வைக்கின்றோம்.

ஊர் நகராது, எல்லை நகரும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில், ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஏழு தலைமுறையாக வாழ்ந்துவரும் ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். அக்குடும்பத்தின் மூதாதை 1760-ஆம் ஆண்டிற் பிறந்தவர் எனின், அவர் மைசூர் ஆட்சிக்குட்பட்ட திண்டுக்கல் சீமையிற் பிறந்தவராவர். ஐதர் அலி 1755-இல் இக்கோட்டைக்கு அதிகாரியாய் வந்தமை வரலாறு. 1790-இல் கும்பினிப் படை கோட்டையைக் கைப்பற்றிற்று. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார்க்கு உரியதாயிற்று. எனவே அம்மூதாதையின் மகன் 1795-இற் பிறந்தவராயின் கும்பினி ஆட்சியிற் பிறந்தவர். பேரன் 1860-இற் பிறந்தவராயின், சென்னை இராசதானியில், மதுரை ஜில்லாவில், திண்டுக்கல் தாலுகாவில், ஆங்கில முடியாட்சியிற் பிறந்தவர். 1950-க்குப் பின் பிறந்தார் சென்னை இராச்சியத்தார். 1969-க்குப் பின் பிறந்தார் தமிழ்நாட்டார். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் மதுரை மாவட்டத்தினின்றும் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. அதன்பின் பிறந்தாரே திண்டுக்கல் மாவட்டத்தார். அம்மாவட்டமும் இடையிற் சில ஆண்டுகள் தலைவர்களின் திருப்பெயர்களைத் தாங்கி நின்று, 1997-இல் மாவட்டப் பெயர்களினின்று தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பெற்றபொழுது வெறுந் திண்டுக்கல் மாவட்டம் ஆயிற்று.

வீடு ஓரடியும் நகரவில்லை. அவ்வீட்டின் முகவரியோ ஆறு முறை மாறிவிட்டது. 1860-இற் பிறந்தவரைத் "திண்டுக்கல் மாவட்டத்திற் பிறந்தார்" என்று நூலில் எழுதிவிட்டால் நேரும் தீங்கு யாது எனச் சிலர் வினவலாம். அவர்தம் நிலப்பத்திரத்தைத் தேடிச்செல்லும் கொள்ளுப்பேரன், திண்டுக்கல் மாவட்டம் என்னும் தலைப்பின்கீழ் நூறாண்டுக்கு முற்பட்ட ஏடு ஒன்றையும் காணான். அக்காலத்து ஏடுகளும், அரசாங்க விவரச் சுவடிகளும், குடிமதிப்புக் கணக்குகளும் மதுரை ஜில்லா என்னும் தலைப்பின்கீழே கிடக்கின்றன. சரியான பெயர் தெரிந்தவனுக்கே அப்பேழையின் கதவு திறக்கும்.

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் இம்மாற்றம் இன்னும் மிகுதி. நம்மவருட் பலர் அரவக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். அரவக்குறிச்சியை உள்ளிட்ட கரூர்ப் பகுதி 1910 வரையிற் கோயமுத்தூர் ஜில்லாவைச் சார்ந்தது. அதன்பின் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்தது. 1995 முதல் கரூர் மாவட்டமாய்த் தனித்து நிற்கின்றது. தாராபுரத்துப் பெண்ணெடுத்த குடும்பங்களும் நம்முள் உள. தாராபுரம் கோயமுத்தூரைச் சார்ந்திருந்து, 1979-இல் ஈரோட்டைச் சார்ந்து, 2009-இல் திருப்பூர் மாவட்டத்தைச் சார்ந்தது. பெரியகுளம், உத்தமபாளையம் ஆகியவை மதுரையின் பகுதிகளாய் இருந்து, இன்று தேனி மாவட்டத்தின் பகுதிகளாய் உள்ளன. தெற்கேயிருந்து வாணிகத்தின் பொருட்டு வந்தவர்கள் தம் பூர்விகம் விருதுநகர் என்பர். அவ்வூரின் பழம்பெயர் விருதுபட்டி. 1923-இல் நகராட்சியார் அதனை விருதுநகர் என மாற்றினர். அவ்வூர் 1910 வரையில் திருநெல்வேலி ஜில்லாவிலும், பின்னர் இராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்தது. ஆகவே, 1890-ஆம் ஆண்டு நிகழ்ந்த திருமணத்தை "விருதுநகர் மாவட்டம் விருதுநகரில் நிகழ்ந்தது" என்று எழுதுவோமாயின், அத்தொடரில் ஊரும் அக்காலத்துப் பெயரன்று, மாவட்டமும் அக்காலத்துப் பெயரன்று.

பிறநாட்டார் கண்ட வழி

இவ்விடர்ப்பாடு நமக்கே உரியது என்று எண்ணற்க. ஐரோப்பாக் கண்டத்தில் ஜெர்மானியர் தம் குடிவரலாற்றை ஆராயும்போது இதனினும் பெருஞ் சிக்கலை எதிர்கொள்கின்றனர். ஜெர்மனி என்னும் ஒன்றுபட்ட பேரரசு 1871-இல்தான் உண்டாயிற்று. அதற்குமுன் பிறந்தவர் பிரஷ்யாவிலோ, பவேரியாவிலோ, சாக்சனியிலோ பிறந்தவராகவே ஏடுகளிற் காணப்படுவர். தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் என்பார் 1724-இல் கோனிக்ஸ்பர்க் என்னும் நகரிற் பிறந்தார். அந்நகர் இரண்டாம் உலகப் போருக்குப்பின் உருசியர் வசமாகி, 1946 முதல் கலினின்கிராட் என வழங்குகின்றது. இக்காலப் பெயரே போதும் என்போர் கூற்றின்படி, காண்ட் உருசிய நாட்டுக் கலினின்கிராடிற் பிறந்தவர் என்று எழுதுதல் வேண்டும். கேட்போர் நகையாரோ? பிரெஸ்லவு என்னும் நகர் 1945-க்குப்பின் போலந்து நாட்டு விரோத்ஸ்வாப் ஆயிற்று. செம்னிட்ஸ் என்னும் நகரோ 1953-இல் கார்ல் மார்க்ஸ் பெயரைத் தாங்கி, 1990-இல் மீண்டும் செம்னிட்ஸ் ஆயிற்று. பிராங்குபர்ட்டு என்னும் பெயரில் மாயின் ஆற்றங்கரையில் ஒன்றும், ஓடர் ஆற்றங்கரையில் மற்றொன்றுமாக இரண்டு நகரங்கள் உள. இவற்றால் இடர்ப்பட்டுக் கற்றுக்கொண்ட அந்நாட்டு ஆராய்ச்சியாளர், நிகழ்ச்சி நடந்த காலத்துப் பெயரை எழுதி, இன்றைய பெயரை அருகிற் குறித்தலையே நன்முறையாகக் கைக்கொண்டனர்.

கடல் கடந்து சென்ற நம்மவர் வரலாற்றிலும் இதுவே நிலை. 1920-இற் பினாங்கிற் பிறந்த ஒருவர் மலேசியாவிற் பிறந்தவரல்லர். மலேசியா என்னும் நாடு 1963-இல் தோன்றியது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் அக்காலத்தில் ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றம் என்னும் ஒரே ஆட்சிப் பகுதியாய் இருந்தன. அவர்தம் பிறப்புப் பதிவை அப்பெயரின்கீழ்த் தேடுதல் வேண்டும். இரங்கூனிலிருந்து 1942-இல் காடும் மலையும் கடந்து நடந்துவந்தவர் பர்மாவினின்று வந்தவர். மியன்மா என்னும் பெயர் 1989-இல் வந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திரும்பியவர்தம் தாள்களிற் பிறப்பிடம் சிலோன் என்றிருக்கும். சீலங்கா என்று அந்நாடு பெயர் பூண்டது 1972-இல் என்பதை அறியாதார், அத்தாள்களை ஒன்றோடொன்று பொருத்திக் காண மாட்டார்.

ஒரு பெயர், பல ஊர்

இனி, ஒரே பெயருடைய ஊர்களால் வரும் மயக்கத்தைக் காண்பாம். ஆத்தூர் என்பது நம் சின்னாளப்பட்டிக்கு அண்மையில் உள்ளது. சேலம் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் ஓர் ஆத்தூர் உண்டு. ஆறு ஓடும் இடமெல்லாம் ஆற்றூர் தோன்றுதல் இயற்கையே. சில ஆண்டுகளுக்குமுன், மலேசியாவினின்று ஓர் இளைஞர் தம் பாட்டனார் ஊரைக் காண வேண்டி இங்கு வந்தார். அவர் கையில் இருந்த பழைய தாளில் "மதுரை ஜில்லா, ஆத்தூர்" என்றிருந்தது. அவர் இன்றைய மதுரை மாவட்டத்துப் பட்டியலிலே தேடி, தாம் நாடிய ஊரைக் காணாராய், ஆத்தூர் என்றாற் பெயர் பெற்றது சேலத்து ஆத்தூரே என்று யாரோ கூறக்கேட்டு, அவ்வூருக்குச் சென்று இரண்டு நாள் அலைந்தார். பாட்டனார் பெயரையும், குலதெய்வத்தின் பெயரையும் சொல்லிச் சொல்லி, அறிவார் ஒருவரையும் காணாமல் மனம் நொந்து திரும்புங்கால், வழியில் நம் சங்கத்தாரைச் சந்தித்தார். அத்தாளிலிருந்த "மதுரை ஜில்லா" என்னும் இரு சொற்களே அவருக்கு வழிகாட்டின. பழைய மதுரை ஜில்லாவில் திண்டுக்கல் தாலுகா அடங்கும் என்பதை அறிந்தார்க்கு, அவ்வாத்தூர் நம் ஆத்தூரே என்பது வெளிப்படை. மறுநாட் காலை அவர் தம் குலதெய்வத்தின் முன்னிலையில் நின்றார். பெரியபாட்டனார் வழியிற் பங்காளிகள் நால்வர் அவ்வூரிலேயே இருந்தனர்.

அத்தாளை எழுதியவர் ஜில்லாவை எழுதாமல் விட்டிருந்தால், அல்லது இடையில் ஒருவர் படியெடுக்கும்பொழுது அஃது எதற்கு என்று நீக்கியிருந்தால், அவ்விளைஞர் தம் கோயிலைக் கண்டிருப்பாரா? எண்ணிப் பாருங்கள்.

திருப்பத்தூர் என்பதும் அத்தகையதே. சிவகங்கைப் பகுதியில் ஒரு திருப்பத்தூர். வடக்கே, 2019-இற் புதிய மாவட்டத்தின் தலைநகரான ஒரு திருப்பத்தூர். திருச்சிராப்பள்ளியின் அருகே திருப்பட்டூர் என்றும் திருப்பத்தூர் என்றும் வழங்கும் ஓர் ஊர். சிவகங்கைப் பகுதி 1910 வரையில் மதுரை ஜில்லாவிலும், பின்னர் இராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்தது. ஆகவே, 1905-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் "மதுரை ஜில்லா திருப்பத்தூர்" என்றும், 1915-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் "இராமநாதபுரம் ஜில்லா திருப்பத்தூர்" என்றும் காணின், குடும்பம் ஊர் பெயர்ந்தது என்று முடிவு கட்டற்க. பெயர்ந்தது எல்லையே.

பெருமை நாடும் ஆசை

பெருமையின் பொருட்டுப் பெயரை மாற்றும் வழக்கத்தைப் பற்றி ஒளியாது கூறுதல் எம் கடன். திண்டுக்கல்லுக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் வடமதுரை என்னும் ஊர் உள்ளது. யாவரும் அறிந்த ஊர். ஆழ்வார்களின் பாசுரங்களிலோ வடமதுரை எனப்படுவது யமுனைக் கரையிலுள்ள மதுரா நகரம். "எம் முன்னோர் வடமதுரையினின்று வந்தனர்" என்று பாட்டி சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு, தாம் யமுனைக் கரையினின்று வந்தவர் என்றும், கண்ணபிரான் வழியினர் என்றும் எழுதிக்கொண்ட குடும்பங்களை யாம் அறிவோம். பாட்டி சொன்னது ஒரு நாளைக்குள் நடந்து சேரும் தொலைவிலுள்ள ஊரை. பேரர் எழுதியது ஆயிரங் காதத்துக்கு அப்பாலுள்ள நகரை. அதனால் விளைந்தது யாது? வடமதுரையிலுள்ள பங்காளிகள் தொடர்பு அறுந்தது. ஒரே வழியில் வந்த இரு வீட்டார் தம்முட் பெண் கொடுத்துப் பெண் கொள்ளப் பேசி, தாம்பூலம் மாற்றும் நாளில் ஒரு முதியவர் முறை சொல்லித் தடுத்த நிகழ்ச்சியும் உண்டு. அண்ணன் தங்கை முறையாவார் மணமேடையில் அமரும் நிலை, ஊர்ப்பெயரை உயர்த்தி எழுதிய ஆசையால் வந்தது. பெருமையின் விலை இவ்வளவு பெரிதாகலாமோ?

இன்னொன்று. சிற்சிலர் தம் குடியின் தொன்மையைக் காட்ட, ஐந்நூறு ஆண்டுக்கு முற்பட்டவை என்று சில பட்டயப் படிகளைக் கொணர்கின்றனர். அவற்றைப் படிக்குங்கால் ஊர்ப்பெயரையும் நாட்டுப் பிரிவின் பெயரையும் முதலில் நோக்குக. சோழர் பாண்டியர் காலக் கல்வெட்டுக்களில் வளநாடு, நாடு, கூற்றம் என்பவை வரும். பழநி சார்ந்த பகுதி வைகாவூர் நாடு எனப்பட்டது. நாயக்கர் காலத்தே பாளையமும் சீமையும் வரும். ஜில்லா, கலெக்டர், தாலுகா என்னும் முறைமை கும்பினியார் ஆட்சியில் வந்தது. ஐந்நூறாண்டுப் பட்டயத்தில் "மதுரை ஜில்லா" என்று வருமாயின் அதன் வயதை நாமே கணித்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயர் உண்மைக்கு உரைகல் ஆவதும் இவ்வாறே. இக்காலப் பெயரால் யாவற்றையும் மாற்றி எழுதிவிட்டால், மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் உரைகல்லை நாமே எறிந்தவராவோம்.

திருத்தும் ஆசை

எம்போன்ற தமிழாசிரியர்க்கு உரிய ஓர் ஆசையும் உண்டு. ஆத்தூர் என்பதை ஆற்றூர் என்றும், வத்தலகுண்டு என்பதை வற்றலகுண்டு என்றும் திருத்தி எழுதக் கை துடிக்கும். வகுப்பறையில் மாணாக்கர்க்குச் சொற்பிறப்பு உரைக்குங்கால் அது தகும். குடிவரலாற்று நூலில் அது தகாது. பத்திரத்தில் ஆத்தூர் என்றிருப்பின் ஆத்தூர் என்றே எழுதுக. அவ்வாறே வடமொழியாக்கமும் தமிழாக்கமும். முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. மறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. மாயவரம், மாயூரம் என நின்ற ஊர் 1982-இல் மயிலாடுதுறை ஆயிற்று. எப்பெயர் இனிது, எப்பெயர் தூயது என்னும் வாதம் வேறு. அவ்வாதத்தில் எமக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆயினும், 1930-இல் ஒருவர் மாயவரத்திற் கல்வி பயின்றார் என்று அவர்தம் சான்றிதழ் கூறுமாயின், அவர் மாயவரத்திற் பயின்றவரே.

ஆங்கில எழுத்தால் வரும் இடர் இதனினும் பெரிது. அவ்வெழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு இல்லை. ரகர, றகர வேறுபாடும் இல்லை. மதுரை மதுரா ஆயிற்று. தஞ்சாவூர் டாஞ்சூர் ஆயிற்று. திருச்சிராப்பள்ளி டிரிச்சினாபலி ஆயிற்று. பழநி பல்னி ஆயிற்று. வத்தலகுண்டு பட்லகுண்டு ஆயிற்று. கமலாம்பாள் சரித்திரம் எழுதிய இராஜமையர்க்கும், சிறுகதை ஆசிரியர் இராமையாவுக்கும் பெயருக்கு முன் நிற்கும் "பி" என்னும் எழுத்து அப்பட்லகுண்டின் முதலெழுத்தே. ஊர் தமிழில் வகரத்தில் தொடங்க, அவ்வூரார் பெயரின் முதலெழுத்துப் பகரமாய் நிற்கின்றது. இதனை அறியாதான் பகரத்தில் தொடங்கும் ஊரெல்லாம் தேடி ஓய்வான். வத்தலக்குண்டோடு சேர்த்து அறியப்பட்ட செல்லப்பாவின் பெயரிலுள்ள "சி" சின்னமனூரைக் குறிக்கும். ஒருவர் பெயரின் முதலெழுத்து அவர் வாழ்ந்த ஊரைக் குறிக்கும் என்றும் துணிதற்கில்லை. அது தந்தையார் ஊராகவோ, அதற்கும் முந்திய ஊராகவோ இருத்தல் கூடும். 2020-ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றதை நினைவு கூர்க. எழுத்து இன்னும் மாறலாம். ஆகவே பத்திரத்திலுள்ள எழுத்தை உள்ளவாறே படியெடுத்து வைத்தல் நன்று.

புகைவண்டி நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. 1875-இல் திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்றபின், பழைய கடிதங்களில் "அம்மையநாயக்கனூரில் இறங்கினோம்" என்று அடிக்கடி வரும். இக்காலத்துக் கால அட்டவணையில் அந்நிலையத்தைக் காணமுடியாது. அதுவே இன்று நாம் கொடைரோடு என்று வழங்கும் நிலையம்.

சான்றுகள் எங்கே?

"பழைய பெயரை எழுதுக என்கின்றீர், அதனை யாங்ஙனம் அறிவது?" என்று கேட்பீர்கள். நம் வீடுகளிலேயே அதற்குரிய சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. நிலப்பத்திரம் ஒவ்வொன்றிலும் ஜில்லா, சப் ஜில்லா, தாலுகா, கிராமம் என்னும் நான்கும் முறையே எழுதப்பெற்றிருக்கும். பழைய பள்ளிச் சேர்க்கை ஏடுகளிற் பிறந்த ஊர் காணப்படும். கோயில் திருப்பணிக் கல்வெட்டுக்களில் உபயதாரர் ஊர் பொறிக்கப்பட்டிருக்கும். திருமண அழைப்பிதழ்கள் இருவீட்டார் ஊரையும் கூறும்.

இவை எல்லாவற்றினும் சிறந்தது ஒன்று உண்டு. அது மொய் நோட்டு. நம் பக்கத்து வழக்கப்படி, கல்யாணத்திலும் காதணி விழாவிலும் வாயிலருகே ஒருவர் அமர்ந்து, மொய் செய்வார் ஒவ்வொருவரின் ஊரையும் பெயரையும் தொகையையும் எழுதுவர். ஊரை முதலில் எழுதுவதே முறை. ஏனெனில் ஒரே பெயருடையார் பலர். அதனை எழுதினவர்க்கு வரலாறு எழுதும் நோக்கம் சிறிதும் இல்லை. திருப்பிச் செய்ய வேண்டிய கடனைக் குறித்துக்கொள்ளும் நோக்கமே இருந்தது. ஆகவேதான் அதிற் பெருமைக்காக எழுதிய பெயர் ஒன்றும் இராது. அந்நாளில் வாயால் எவ்வாறு வழங்கிற்றோ அவ்வாறே ஊர்ப்பெயர் நிற்கும். கைவிடப்பட்டு இன்று வெறும் மேடாய்க் கிடக்கும் சிற்றூர்ப் பெயரும், பெரிய ஊரோடு கலந்து மறைந்த பட்டியின் பெயரும் அந்நோட்டுக்களில் உயிரோடு இருக்கின்றன. நாற்பது ஐம்பது ஆண்டு மொய் நோட்டுக்களை வரிசையாய் வைத்து நோக்கின், எந்த ஊர்களோடு நமக்கு உறவிருந்தது, எந்த ஊர் உறவு எப்பொழுது அற்றது என்பது கண்ணாடியிற்போல் விளங்கும். கடன் தீர்ந்ததென்று அவற்றைப் பழந்தாள் வாங்குவார்க்கு எடைக்கு இடுகின்றீர்கள். அருள்கூர்ந்து அதனை இன்றோடு நிறுத்துங்கள்.

தாய்மார்க்கு ஒரு சொல். நம் குடும்ப ஏடுகளில் ஆடவர் ஊர் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டிருக்க, மருமகளாய் வந்தார் ஊர் பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று. "நத்தத்தாள்", "நிலக்கோட்டையாள்", "கன்னிவாடியாள்" என்று மாமியார் அழைத்த பெயரிலேயே அவ்வூர் தங்கியிருக்கின்றது. பிள்ளைகள் அதனைப் பட்டப்பெயர் என்று எண்ணி மறந்துவிட்டனர். அது பட்டப்பெயரன்று, அம்மையார் பிறந்தகத்தின் முகவரி. உங்கள் பாட்டியையும், பாட்டியின் மாமியாரையும் எவ்வாறு அழைத்தனர் என்பதை இன்றே முதியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடியின் செம்பாதி அவ்வூர்களினின்று வந்தது.

எழுதும் முறை

இனி, நம் நூலுக்கு யாம் முன்மொழியும் முறை இது.

முதலாவது, நிகழ்ச்சி நடந்த ஆண்டில் வழங்கிய ஊர்ப்பெயரை எழுதுக. அதன்பின் அக்காலத்துத் தாலுகா, ஜில்லா, ஆட்சிப் பகுதி ஆகியவற்றைச் சிறியதினின்று பெரியதாக வரிசைப்படுத்துக.

இரண்டாவது, பிறைக்கோட்டுள் இன்றைய வட்டமும் மாவட்டமும் குறிக்க. இதனால் இக்காலத்தார்க்கும் இடரில்லை.

மூன்றாவது, சான்றிலுள்ள எழுத்தைத் திருத்தாதீர். ஐயமிருப்பின், பத்திரத்திற் கண்டபடி என்று குறிக்க.

நான்காவது, பாட்டி சொல்லால் மட்டும் அறிந்த ஊரைச் செவிவழிச் செய்தி என்று எழுதுக. அது குறைவன்று. செவிவழி வந்ததைப் பத்திரத்தால் வந்ததுபோல் எழுதுவதே குறை.

ஐந்தாவது, ஊரை அறியாவிடத்து வெற்றிடம் விடுக. ஊகத்தால் நிரப்பற்க. வெற்றிடத்தைப் பின்வருவான் ஒருவன் நிரப்புவான். பொய்யால் நிரப்பிய இடத்தை எவனும் தேடான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம்: "பிறப்பு 1908. ஆத்தூர், திண்டுக்கல் தாலுகா, மதுரை ஜில்லா, சென்னை இராசதானி (இன்று ஆத்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம், தமிழ்நாடு). சான்று: பள்ளிச் சேர்க்கை ஏடு." இவ்வொரு வரி நீளமுடையதே. அச்சுக்கூலி சிறிது மிகும் என்று பொருளாளர் அவர்கள் கவலுவதையும் அறிவோம். ஆனால், மேற்கூறிய இளைஞர் அலைந்த இரண்டு நாளையும், தாம்பூலத் தட்டோடு நின்றுபோன அத்திருமணத்தையும் நினைந்து, அக்கூலி மிகையா என்று நீங்களே துணிவீராக.

பெரியோர்களே! ஒரு குடியின் வரலாறு அக்குடியாருடைய பெருமைப் பட்டியலன்று. நம் முன்னோர் எங்கிருந்தனர், எதன்பொருட்டுப் பெயர்ந்தனர், பஞ்சத்தாலோ போராலோ வாணிகத்தாலோ எவ்வூர்களிற் புகலடைந்தனர், அங்கே பிற குடியார் எவ்வாறு அவர்க்கு இடங்கொடுத்தனர் என்பனவே அதன் உட்பொருள். ஒவ்வோர் ஊரும் நம்முடையது மட்டும் அன்று. பல குடிகள் கூடி வாழ்ந்த இடம். அவ்வூர்ப் பெயரை மாற்றி எழுதுவது நம் வீட்டுக் கணக்கை மட்டும் மாற்றுவதாகாது; அவர்கள் கணக்கையும் கெடுப்பதாகும்.

ஆகவே, நம் குடும்ப வரலாற்று நூலில் ஊர்ப்பெயர்கள் அவ்வக்காலத்து வழக்கின்படியே எழுதப்பெறுக என்னும் தீர்மானத்தை இவ்வவையின்முன் வைக்கின்றோம். அடுத்த திங்கட் கூட்டத்திற்கு வருவோர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்துப் பழைய பத்திரம் ஒன்றையோ, மொய் நோட்டு ஒன்றையோ உடன் கொணர்க. அவற்றிற் காணும் ஊர்ப்பெயர்களைப் படித்து, ஆண்டும் எல்லையும் குறித்துக் கொடுக்க யாமும் எம் மாணாக்கரும் சங்க மண்டபத்திற் காத்திருப்போம்.